நாலு துறை, ஒரு பாலம்

ஆற்றைக் கடத்திவிட்டுக் காசு வாங்காத துறையை நான் அதுவரை பார்த்ததில்லை. கொள்ளிடக் கரையில் பிறந்து, பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் கரையும் மதகுமாகவே கழித்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவன் நான். பரிசல்காரர் கையில் சில்லறை வைக்காமல் அக்கரை ஏறியதாக நினைவில்லை. 2018 ஜூலை கடைசியில், அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை, பீச் பழம் வாங்கி வரலாம் என்று மாப்பிள்ளை காரை எடுத்தார். ஒரு மணி நேரம் ஓடியதும் தார்ச் சாலை நேராக ஆற்றுக்குள் இறங்கிவிட்டது.

தண்ணீர் விளிம்பில் கார்கள் வரிசையாக நின்றன. எதிர்க்கரையிலிருந்து தட்டையான இரும்புத் தளம் ஒன்று மெதுவாக வந்து கரையை முட்டியது. அதன் விலாவில் ஓர் இழுவைப் படகு, கன்று மாட்டோடு ஒட்டி நிற்பதுபோல. ஆரஞ்சுச் சட்டைக்காரர் கையசைத்தார். முதலில் ஒரு டிராக்டர் ஏறியது, பின்னால் இரண்டு பிக்கப் வண்டிகள், அப்புறம் நாங்கள். யாரும் எஞ்சினை அணைத்த மாதிரிகூடத் தெரியவில்லை. நான் பையைத் துழாவிக்கொண்டே கேட்டேன்.

"எவ்வளவு கொடுக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம் மாமா. இது ரோடு."

அவர் சொன்னதை வேடிக்கை என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். இல்லை, உண்மைதான். மாநிலப் போக்குவரத்துத் துறைதான் இந்தப் படகை நடத்துகிறது. பாலம் கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமல் விட்டோம், ஆகையால் கடத்திவிடுவது எங்கள் பொறுப்பு என்பது கணக்கு. ஐந்து நிமிஷத்துக்குள் அக்கரை. அந்த ஐந்து நிமிஷமும் நான் காரில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். செம்மண் கலந்த பால்காப்பி நிறம். ஆடியில் புதுத் தண்ணீர் வருமே, அதே நிறம்.

நாங்கள் இறங்கிய இடத்தின் பெயர் கால்ஹூன் கவுண்டி. கவுண்டி என்பதை மாவட்டம் என்று சொல்லலாம், ஆனால் அளவில் நம் வட்டம் ஒன்றைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். நிலப்பரப்பு சுமார் 650 சதுர கிலோமீட்டர். மேற்கிலும் தெற்கிலும் மிஸ்ஸிஸிப்பி, கிழக்கில் இல்லினாய் ஆறு. (இல்லினாய்ஸ் என்று எழுதிவிட்டு 'ஸ்'ஸை விழுங்கிவிட வேண்டும் என்று மகள் திருத்தினாள்.) இரண்டும் கிராஃப்டன் என்ற ஊருக்கு அருகே கூடுகின்றன. வடக்கே மட்டும்தான் நிலத்தோடு தொடர்பு. வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம், அகலமோ பல இடங்களில் பத்தைத் தாண்டாது. ஸ்ரீரங்கத்தை இழுத்து நீட்டி, நடுவில் குன்றுகளை வைத்தால் கிட்டத்தட்ட இதுதான்.

2010 கணக்கெடுப்பில் இங்கே 5,089 பேர். 2020இல் 4,437. எங்கள் ஊர்க் கும்பாபிஷேகத்துக்கு இதைவிடக் கூட்டம் வரும். ரயில் பாதை கிடையாது. மிஸ்ஸிஸிப்பியைக் கடக்க இந்தக் கவுண்டி எல்லைக்குள் ஒரு பாலமும் கிடையாது. இல்லினாய் ஆற்றின் மேல் ஹார்டின் என்ற தலைமை ஊரில் ஒரே ஒரு பாலம். மற்றபடி நாங்கள் போன வருஷம் நாலு துறைகள் இருந்தன: இல்லினாய் ஆற்றில் பிரஸ்ஸல்ஸ், கேம்ப்ஸ்வில் இரண்டும் இலவசம், மிஸ்ஸிஸிப்பியில் கோல்டன் ஈகிள், வின்ஃபீல்டு இரண்டும் தனியார் நடத்துவது, அங்கே காசு உண்டு.

பிரஸ்ஸல்ஸ், ஹாம்பர்க் என்று ஐரோப்பாவின் பெருநகரப் பெயர்களெல்லாம் இங்கே சில நூறு பேர்கூட இல்லாத ஊர்களுக்கு வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்களில் ஜெர்மானியக் கத்தோலிக்கர் நிறையப் பேர். அவர்களுக்கும் முன்னால், 1812ஆம் வருஷப் போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் என்று இரண்டு ஆற்றுக்கும் இடையிலான பெரும் நிலப்பரப்பை அரசாங்கம் ஒதுக்கியது. சிப்பாய்களில் பெரும்பாலோர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்திரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நிலத் தரகர்கள் கொழுத்தார்கள். நம்மூர்ப் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

பழக்கடைக்கு வருகிறேன். குன்றின் மேல் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. மரப்பெட்டிகளில் பீச், ஓரத்தில் தக்காளி, மக்காச்சோளம். பீச்சின் தோல் பூனைக்குட்டியின் காதுபோல மெல்லிய ரோமத்தோடு இருந்தது. கடையில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள். ஒரு பழத்தைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை என் கையில் வைத்தார். சாறு மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. 'குனிந்து தின்ன வேண்டும், நிமிர்ந்து தின்றால் சட்டை போய்விடும்' என்றார். சட்டை அதற்குள் போய்விட்டிருந்தது.

ஆற்றங்கரைப் படுகை இவ்வளவு இருக்க, எதற்காகக் குன்றின் தலையில் தோட்டம் என்று மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னேன். அந்த அம்மாள் கையை மேலிருந்து கீழே வழித்துக் காட்டினார். பீச் மரம் ஏப்ரலில் பூக்கும். அந்த மாதத்தில் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் அந்த வருஷக் காய்ப்பு முடிந்தது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி வழிந்துவிடும். மேட்டில் இருக்கும் பூ தப்பும், பள்ளத்தில் இருப்பது கருகும். காற்றுக்கும் வடிகால் உண்டு என்பதை முப்பத்திரண்டு வருஷம் வடிகால் வெட்டிய எனக்கு யாரும் சொன்னதில்லை.

மண்ணும் காரணம். பனியுகத்தின் முடிவில், உருகிய பனிநீர் கொண்டுவந்து படுகையில் போட்ட நுண்மண்ணைக் காற்று அள்ளி இந்தக் குன்றுகளின் மேல் பல அடி கனத்துக்குப் போர்த்திவிட்டது. லோயஸ் என்பது அதன் பெயர். ஒரு வெட்டில் தொட்டுப் பார்த்தேன். மாவு மாதிரி விரலில் ஒட்டுகிறது, ஆனால் வெட்டின சுவர் சரியாமல் செங்குத்தாக நிற்கிறது. தண்ணீர் தேங்காது, வேருக்கு ஈரம் மட்டும் நிற்கும். பனிப்பாளங்கள் இந்தக் கவுண்டியின் தெற்குப் பகுதியை மிதிக்காமல் விலகிப் போனதால் குன்றுகளும் சுண்ணாம்புப் பாறைகளும் மழுங்காமல் நிற்கின்றன. பெரும்பாலும் பலகைபோல் தட்டையான இல்லினாய் மாநிலத்தில் இந்தப் பகுதி மேடும் பள்ளமுமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஒரு காலத்தில் இங்கே ஆப்பிள்தான் ராஜா. ரயில் இல்லாவிட்டால் என்ன, வாசலில் ஆறு ஓடியது. பீப்பாய் பீப்பாயாக ஆப்பிள் நீராவிப் படகில் ஏறி செயிண்ட் லூயிஸ் போனது. 1900இல் இங்கே ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இருந்தார்கள், இப்போது இருப்பதைப்போல இரண்டு பங்கு. சரக்கு லாரிக்கு மாறியதும் அதே ஆறு வேலியாகிவிட்டது. இளவட்டங்கள் காலையில் படகேறி ஆல்ட்டன், செயிண்ட் லூயிஸ் பக்கம் வேலைக்குப் போகிறார்கள், பலர் திரும்பி வந்து வீடு கட்டுவதில்லை. மேட்டில் பழம், படுகையில் மக்காச்சோளமும் சோயாவும், குளிர்காலத்தில் வாத்து சுட வருகிறவர்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, இலையுதிர் காலத்தில் சுற்றுலாக் கார்கள். பிழைப்பு இவ்வளவுதான்.

இந்த இரண்டு ஆறுகளில் எனக்கு வினோதமாகப் பட்டது சின்ன ஆறுதான். இல்லினாய் ஆற்றுக்கு வாட்டமே கிடையாது. கடைசி முன்னூறு கிலோமீட்டரில் மைலுக்கு இரண்டு அங்குலம்கூட இறக்கம் இல்லை. வாட்டம் இல்லாத வாய்க்கால் வெட்டினால் எங்கள் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர் அளவுகோலைப் பிடுங்கி எறிவார். இங்கே இயற்கையே அப்படி வெட்டியிருக்கிறது. காரணம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். இது இந்த ஆற்றின் பள்ளத்தாக்கே அல்ல, மிஸ்ஸிஸிப்பியினுடையது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளம் வந்து வழியை அடைத்ததால் மிஸ்ஸிஸிப்பி மேற்கே ஒதுங்கிப் புதுத் தடம் பிடித்துக்கொண்டது. பெரியவர் காலி செய்துவிட்டுப் போன பங்களாவில் பிற்பாடு சின்ன ஆறு குடிவந்தது. அதனால்தான் ஆற்றுக்குப் பொருந்தாத அகலத்தில் படுகை. அதனால்தான் மிஸ்ஸிஸிப்பியில் வெள்ளம் என்றால் தண்ணீர் கூடலிலிருந்து பின்னோக்கி இல்லினாய்க்குள் ஏறுகிறது. எங்கள் பாஷையில் எதிர்த்து ஏறுவது. மழை இங்கே ஒரு சொட்டுப் பெய்ய வேண்டியதில்லை, ஐயோவாவில் பெய்தால் போதும்.

கேம்ப்ஸ்வில்லில் ஒரு தொல்லியல் மையம் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில், பக்கத்துக் கவுண்டியில் கோஸ்டர் என்ற விவசாயியின் நிலத்தில் 1969 முதல் பத்தாண்டு போலத் தோண்டியிருக்கிறார்கள். அடுக்கடுக்காகக் குடியிருப்புகள். சுமார் பத்தாயிரம் ஆண்டுக்கு முன் மனிதர்கள் தங்கள் நாய்களைக் குழி வெட்டிப் பத்திரமாகப் புதைத்திருந்தது அங்கே கிடைத்தது. இரண்டு ஆறு கூடுகிற இடத்தில் மீனும் வாத்தும் சிப்பியும் எப்போதும் கிடைத்திருக்கும், யார்தான் விட்டுப் போவார்கள்.

சிகாகோ கதையைச் சொல்லாமல் நகர முடியாது. 1821இல் பைக் என்ற பெயரில் ஒரு கவுண்டி ஏற்பட்டபோது, இல்லினாய் ஆற்றுக்கு வடக்கும் மேற்கும் உள்ள பூமி முழுவதும் அதற்குள் அடக்கம். அதன் தலைமையிடம் கோல்ஸ் குரோவ், இன்றைய கால்ஹூனுக்குள் இருக்கும் கிலியட் என்ற குக்கிராமம். கோட்டையும் சில வீடுகளுமாக இருந்த சிகாகோவும் அந்தக் கவுண்டியில்தான் சேர்ந்திருந்தது. ஒரு வீட்டுத் தகராறு என்றாலும் சிகாகோக்காரன் இங்கே வந்து நின்றிருக்க வேண்டும். கோல்ஸ் என்பது அப்போது அடிமை முறைக்கு எதிராக நின்று ஆளுநரானவரின் பெயர். தம் அடிமைகளைக் குடியேற அழைத்து வரும் வழியில் ஆற்றுப் படகிலேயே விடுதலை செய்தவர். 1825இல் பைக்கிலிருந்து இந்தத் துண்டைத் தனியாகப் பிரித்தபோது வைத்த பெயரோ கால்ஹூன். துணை ஜனாதிபதியாக அப்போதுதான் தேர்வாகியிருந்தவர், பிற்பாடு அடிமை முறைக்கு முட்டுக்கொடுத்தவர்களில் முதல் வரிசை. கோல்ஸின் பெயரை ஊரிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பெயர் வைக்கும் அரசியலில் நமக்கு மட்டும்தான் பட்டம் என்று நினைத்திருந்தேன்.

சிகாகோ வளர்ந்தது. தன் சாக்கடையைத் தான் குடிக்கும் ஏரியிலேயே விட்டுக்கொண்டிருந்தது. 1900 ஜனவரியில் ஒரு பெருங்கால்வாயைத் திறந்து, சிகாகோ ஆற்றையே திருப்பி ஓடவிட்டார்கள். ஏரி நீரோடு நகரத்தின் கழிவு முழுவதும் இல்லினாய் ஆற்றில் இறங்கி, கால்ஹூனை உரசிக்கொண்டு மிஸ்ஸிஸிப்பிக்கு வந்தது. செயிண்ட் லூயிஸ் குடிப்பது மிஸ்ஸிஸிப்பித் தண்ணீர். டைபாய்டு வருகிறது என்று மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குக்காகத் தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவை 107 பீப்பாயில் அங்கே கால்வாயில் கொட்டி, செயிண்ட் லூயிஸ் குடிநீர் எடுக்கும் இடத்தில் வந்து சேருகிறதா என்று பார்த்தார்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து சேர்ந்ததாகச் சாட்சியமும் சொன்னார்கள். 1906இல் நீதிபதி ஹோம்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். நிரூபணம் போதவில்லை, மேலும் உங்கள் ஊர்களும்தானே ஆற்றில் விடுகின்றன என்றது தீர்ப்பின் சாரம். காவிரி வழக்கை வயசெல்லாம் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்தத் தீர்ப்பு தூக்கம் வரவிடாது. அந்தப் பீப்பாய்த் தண்ணீர் நடுவில் கடந்துபோன ஊர்க்காரர்களை யாரும் கட்சிக்காரராகச் சேர்க்கவில்லை.

அந்த ஆறு அப்போது மீனுக்குப் பேர்போனது. 1908 வாக்கில் அமெரிக்காவின் நன்னீர் மீனில் பத்தில் ஒரு பங்கு இல்லினாய் ஆற்றிலிருந்து வந்தது என்பார்கள். சிப்பி வாரி அதன் ஓட்டிலிருந்து சட்டைப் பொத்தான் வெட்டுவதும் பெரிய தொழில். பிளாஸ்டிக் வந்து அதை முடித்தது. இன்றைக்கு ஆறு நிறைய இருப்பது நம் வெள்ளிக்கெண்டை. ஆமாம், நம் பண்ணைக் குட்டைகளில் கட்லா, ரோகுவோடு சேர்த்து விடுகிறோமே, அதேதான். 1970களில் தெற்கே ஆர்கன்சாவில் மீன் பண்ணைகளுக்காக ஆசியாவிலிருந்து கொண்டுவந்தது தப்பித்து ஆறு ஏறிவிட்டது. மோட்டார் சத்தம் கேட்டால் தண்ணீருக்கு மேலே ஆள் உயரம் துள்ளிப் படகில் இருப்பவர் முகத்தில் மோதுகிறது. முள் அதிகம் என்று இந்த ஊர்க்காரர்கள் தொடுவதில்லை. மாப்பிள்ளையிடம் 'ஒரு மண்சட்டியும் புளியும் இருந்தால் போதும், பிரச்சினையைத் தீர்த்துவிடலாம்' என்றேன். அவர் சிரிக்கவில்லை, அவர் சைவம்.

ஹார்டினில் பாலத்தைப் பார்க்க நான் காரை நிறுத்தச் சொன்னேன். 1931இல் திறந்த இரும்புப் பாலம். ஆற்றின் நடுவில் இரண்டு கோபுரம், அவற்றுக்கு இடையில் உள்ள கண் மட்டும் மின்தூக்கி போல அப்படியே மேலே எழும்பிப் படகுகளுக்கு வழிவிடும். பழைய பாம்பன் பாலம் கதவுபோல இரண்டாகத் திறந்தது, இது தட்டோடு தூக்கிக் கொடுக்கும். அடியில் நின்று ரிவெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரி வெயிலில் நிற்க முடியவில்லை என்று ஹாரன் அடிக்கச் சொல்லும் வரை. அமெரிக்காவில் இருக்கும்போதே, ஆகஸ்டில், திருச்சியிலிருந்து செய்தி வந்தது. கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சாய்ந்தன. நாலு நாளில் முக்கொம்பில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடம் பாலம் 1928, இது 1931. ஏறக்குறைய ஒரே வயசு. அன்று ராத்திரி செல்போனில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

இங்கே வெள்ளம் என்றால் எல்லோரும் சொல்வது 1993. அந்த வருஷம் ஆகஸ்ட் 1ஆம் தேதி செயிண்ட் லூயிஸில் மிஸ்ஸிஸிப்பி 49.58 அடி ஏறியது. அபாய அளவு 30 அடி. ஹார்டின் பாலத்துக்கு எதிர்க்கரையில் நட்வுட் என்ற கரை, நம் கொள்ளிடக் கரை மாதிரி மண்ணால் போட்டது, உடைத்துக்கொண்டது. பாலத்துக்குப் போகும் சாலை தண்ணீருக்குள். தண்ணீர் ஏறினால் துறைகளும் முழுகிவிடும், படகும் ஓடாது. மிச்சம் வடக்குச் சாலை ஒன்றுதான். உடைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு 2005 நவம்பர் ராத்திரிகள் நினைவுக்கு வரும். சாக்கு, சவுக்குக் கட்டை, டார்ச்சு விளக்கு, கரையில் காதை வைத்துத் தண்ணீர் கசியும் சத்தம் கேட்கும் லஸ்கர். கால்ஹூனிலும் இதே மணல் மூட்டைதான். இத்தனை பணக்கார நாட்டில் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

இவ்வளவு அணை கட்டியும் ஏன் தடுக்க முடியவில்லை என்று மகள் கேட்டாள். அதற்காகவே இன்னொரு நாள் மிசௌரிக் கரையில் வின்ஃபீல்டுக்குப் போய் 25ஆம் நம்பர் அணையைப் பார்த்தோம். 1930களில் கட்டிய வரிசையில் ஒன்று. ரேடியல் ஷட்டர்களைப் பார்த்ததும் பழைய சகாக்களைப் பார்த்ததுபோல இருந்தது. இவை மேட்டூர் மாதிரித் தேக்கி வைக்கும் அணைகள் அல்ல. கப்பல் வழியில் ஒன்பது அடி ஆழம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வெள்ளம் வந்தால் ஷட்டர்களைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். பக்கத்தில் 'லாக்'. பக்கிங்ஹாம் கால்வாயில் பாழடைந்த லாக்குகளைப் பார்த்தவனுக்கு இது ஓடுகிற நிலையில் கிடைத்தது. பதினைந்து தட்டைப் படகுகளை இரும்பு வடத்தால் கட்டி ஒரே இழுவைப் படகு பின்னாலிருந்து தள்ளி வருகிறது. ஒவ்வொன்றிலும் 1,500 டன் தானியம். மொத்தத்தையும் சாலையில் அனுப்ப ஏறக்குறைய ஆயிரம் லாரி வேண்டும். லாக்கின் நீளம் 600 அடிதான் என்பதால் பாதியைப் பிரித்து முதலில் அனுப்பி, மறுபாதியைப் பிற்பாடு அனுப்பி, திரும்பக் கட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்தேன். வடத்தை முறுக்கிக் கட்டும் ஆட்களின் கையுறைகள் கறுப்பாக மினுமினுத்தன. பக்கத்தில் 1,200 அடியில் புது லாக் கட்ட 2022இல் பணம் ஒதுக்கிவிட்டார்களாம், பிற்பாடு மகள் சொன்னாள்.

தானியம் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்க்கொண்டேயிருக்கிறது. கால்ஹூனுக்கு அந்தப் படகுகளின் அலைதான் மிச்சம், கரையை அரிப்பதற்கு.

2019 ஜூனில் ஊரில் இருந்தேன். மேட்டூரில் தண்ணீர் இல்லை, குறுவைக்கு வழியில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த நேரம் மகளிடமிருந்து போன். மிஸ்ஸிஸிப்பி மறுபடி ஏறிவிட்டது, நட்வுட் கரை போய்விட்டது, போன வருஷம் நாம் போனோமே, அந்த ஊர்தான் என்றாள்.

"பழத்தோட்டம்?"

"அது மேட்டுல இருக்குப்பா. ஒண்ணும் ஆகாது. வாங்கத்தான் யாரும் போக முடியாது."

"பாலம்?"

"பாலம் நல்லா நிக்குது. அதுக்குப் போற ரோடுதான் இல்லை."